வெயிலுக்கும் ஒரு தண்ணீர்முறை: ஒலுவில் கரையிலிருந்து தூய சக்தியை யோசித்தல்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. டீசல் வாங்க டொலர் இல்லை. மூன்றே ஆண்டுகள் கழிந்து, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களில் இலங்கை மின்சார சபை வேறொரு வேண்டுகோளை விடுத்தது. கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்திவைக்க வேண்டும் என்பதே அது. ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடந்ததால் மின்சாரத்துக்குத் தேவை விழுந்துவிட்டது. வெயில் தன் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

பற்றாக்குறையால் இருண்ட ஒரு நாடு, மிகுதியைத் தாங்க முடியாத நிலைக்கு இவ்வளவு விரைவாக எப்படி வந்தது? கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை நீளும் எங்கள் கரையில், ஒலுவிலில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை யோசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. வெயிலுக்கோ தகடுக்கோ இங்கு தட்டுப்பாடில்லை. தனக்குத் தோன்றிய நேரத்தில் வரும் ஒரு வளத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடுதான் இல்லை. அந்த ஏற்பாட்டைத் தண்ணீருக்குச் செய்துகாட்டிய அம்பாறை மாவட்டம் இது என்பதால்தான் ஆதங்கம் அதிகமாகிறது.

முதலில் 2025 பெப்ரவரி 9ஐப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி கடந்த வேளை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. குரங்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். உண்மைக் காரணம் வேறு. மின்வலையமைப்பு நொடிக்கு 50 சுற்று என்ற சீரில் ஓட வேண்டும். நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழலும் பல தொன் எடையுள்ள இயந்திரங்கள் ஒரு அதிர்ச்சி வந்தாலும் சற்று நேரம் அந்தச் சீரைத் தாங்கிப் பிடிக்கும். சூரியத் தகடுகளில் சுழல்வது எதுவுமில்லை. அன்று விடுமுறை என்பதால் தேவை குறைவு. வழங்கலில் பெரும்பங்கு வெயிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. சீர் குலைந்ததும் கூரைகளிலுள்ள கருவிகள் தம்மைப் பாதுகாத்துக்கொள்ள ஒரேயடியாக விலகின. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அவற்றை மீண்டும் சூடாக்கி ஓட்ட நாட்கள் ஆயின. பெப்ரவரி 10, 11 இரண்டு நாட்களும் ஒன்றரை மணி நேரம் வீதம் மின்வெட்டு நடந்தது. (அக்கரைப்பற்றுப் பக்கத்து நுரைச்சோலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது புத்தளத்து நுரைச்சோலை. 900 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் இருக்கும் இடம்.)

வெயில் மின்சாரம் ஆபத்தானது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. மின்கலச் சேமிப்பும், சீரைத் தாங்கும் நவீன கருவிகளும், புதிய கடத்திகளும் வருவதற்கு முன்பே தகடுகள் வந்துவிட்டன. வேலையின் வரிசை பிழைத்ததுதான் கோளாறு.

வரிசையைப் பேசும்முன், இந்த மாற்றம் எங்களுக்கு எதற்காக என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமிலவாயு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி அதைப்போல் நாலு மடங்குக்கும் மேல். நாங்கள் எல்லோரும் நாளையே விளக்கணைத்து உட்கார்ந்தாலும் உலகின் வெப்பநிலை அசையாது. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் மீள்புதுப்பிக்கத்தக்க வழிகளில், 2050க்குள் நிகரக் கரிம வெளியீடு பூச்சியம் என்று அரசு உலகுக்கு வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கு மதிப்புள்ளதுதான். ஆனால் ஒலுவில் மீனவருக்கு அதைவிடப் பெரிய காரணம் மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. இயந்திரத் தோணிக்கு எண்ணெய் அடிக்க முடியாமல் கரையில் தோணிகள் கிடந்தன. மருதமுனையின் நெசவு வீடுகளும் அரிசி ஆலைகளும் அந்த ஆண்டின் மின்வெட்டுகளை நினைவில் வைத்திருக்கின்றன. அடுத்த டொலர் நெருக்கடியில் இந்தக் கரை மறுபடி முடங்காமலிருக்க, இங்கேயே கிடைக்கும் சக்தி வேண்டும். காலநிலைக் கடமை அதோடு சேர்ந்து நிறைவேறும்.

அந்தச் சக்தி இங்கு உண்டு. கிழக்கின் உலர்வலயத்தில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நாலு அலகு அளவில் தரும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் அடிக்கும் மாதங்களில் எங்களிடம் வானம் தெளிந்து கிடக்கும். அதே மாதங்களில்தான் மன்னாரில் காற்று பலமாக வீசுகிறது. மலைநாட்டில் தென்மேற்குப் பருவமழை நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. கார்த்திகை முதல் தை வரை நிலைமை தலைகீழ். வாடைக்காற்றும் அடைமழையும் எங்கள் தகடுகளின் விளைச்சலைக் குறைத்துவிடும். ஆக, கொழும்பின் கணக்கில் அம்பாறையின் வெயில் ஆண்டு முழுவதும் ஒரே அளவாகத் தெரிந்தாலும், இங்கு அது ஒரு போகத்து விளைச்சல். போகம் பார்த்துத் திட்டமிடாத எவரும் இங்கு வெள்ளாமை செய்ததில்லை.

நாளுக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. நாட்டின் மின்தேவை உச்சத்துக்குப் போவது மாலை ஆறரைக்கும் இரவு பத்தரைக்கும் இடையில். நோன்பு மாதத்தில் இந்தக் கரையில் இப்தார் நேரத்துக்கும் பிறகு சஹர் நேரத்துக்கும் அடுப்பங்கரைகள் விழித்திருக்கும். இரண்டு வேளையிலும் வெயில் இல்லை. பகலில் மிஞ்சியதை இரவுக்கு எடுத்துவைக்காதவரை, கூரையில் எத்தனை தகடு ஏறினாலும் மாலையில் டீசலும் நிலக்கரியுமே எரியும். இத்தனை ஆண்டுகளாக இதற்கு வழி இல்லாமலிருந்தது; இப்போது உண்டு. லித்தியம் மின்கலம் ஒரு கிலோவாட் மணிக்கு 2010இல் 1,000 டொலருக்கு மேல் விற்றது. 2024இல் உலகச் சராசரி விலை 115 டொலர் அளவுக்கு இறங்கிவிட்டது. 2025இல் அரசும் இதைப் புரிந்துகொண்டு, மின்கலத்தில் சேமித்து இரவு உச்ச நேரத்தில் வலையமைப்புக்குத் தருபவர்களுக்கு அலகுக்கு 45 ரூபாய்க்கு மேல் கொடுக்கத் தீர்மானித்தது. நல்ல தீர்மானம். கேகாலைப் பக்கத்து அரநாயக்கவில் 600 மெகாவாட் நீரேற்றுச் சேமிப்பு நிலையமும் திட்டத்தில் இருக்கிறது. அது கட்டி முடிய நெடுங்காலம் ஆகும்.

ஆனால் மின்கலம் வாங்க யாரால் முடியும்?

இங்குதான் இந்த விவாதம் அதிகம் கண்டுகொள்ளாத இடத்துக்கு வருகிறோம். 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரச திட்டம் தொடங்கியபோது கூரை மின்சாரத்துக்கு முதல் ஏழு ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபாய் கொடுத்தார்கள். நெருக்கடியின்போது அது 37 ஆனது, 2024இல் 27, 2025இல் சிறிய தகடுகளுக்கு 20 அளவுக்கு வந்தது. முதலில் வைத்தவர்கள் வசதியுள்ளவர்கள். உறுதியான கூரையும், சொந்த உறுதிப்பத்திரமும், வங்கியில் பெயரும் உள்ளவர்கள். அவர்கள் தவறு செய்யவில்லை. நாட்டுக்கு நன்மையே செய்தார்கள். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மாதம் 30 அலகுக்குள் பாவிக்கும் ஏழை வீட்டுக்கு அலகு 2.50 ரூபாயாக இருந்தது 2022 ஓகஸ்டில் 8 ஆகி, 2023 பெப்ரவரியில் 30 ஆனது. ஏழு மாதத்துக்குள் பன்னிரண்டு மடங்கு. பின்னர் குறைக்கப்பட்டதுதான், ஆனால் அந்த மாதங்களில் விளக்கைக் குறைத்த வீடுகளின் இழப்பை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பது பாகிஸ்தானில் தெரிகிறது. அங்கே மின்கட்டணம் தாங்காமல் மக்களே தகடுகளை இறக்கினார்கள். 2024இல் மட்டும் ஏறத்தாழ 17,000 மெகாவாட் அளவு தகடுகள் இறக்குமதியாயின. வியக்கத்தக்க வேகம். ஆனால் வசதியுள்ளவர்கள் வலையமைப்பிலிருந்து விலகும்போது, கம்பிக்கும் பழைய மின் நிலையங்களின் கடனுக்கும் உரிய செலவு மிஞ்சியவர்கள் தலையில் விழுகிறது. விலக முடியாத ஏழைக்கு மின்சாரம் இன்னும் விலை ஏறுகிறது. தூய சக்தி ஏழையின் செலவில் நடக்கும் நிலை வந்தால், அரசியல் ஒருநாள் அதைத் திருப்பி அடிக்கும்.

எங்கள் ஊர்களில் இன்னொரு தடையும் உண்டு. கூரைத் தகடுகளுக்கு வந்த சலுகைக் கடன்கள் பெரும்பாலும் வட்டிக் கடன்கள். வட்டி வேண்டாம் என்று வாழும் குடும்பங்களுக்கு அந்தக் கதவு திறந்திருந்தும் மூடியதுதான். நாட்டின் முதல் முழுமையான இஸ்லாமிய வங்கியாக 2011இல் அமானா வங்கி வந்தது. பிற வங்கிகளும் வட்டியில்லாப் பிரிவுகளை நடத்துகின்றன. ஆனால் சலுகைக் கடன் திட்டத்தை வகுக்கும்போதே வட்டியில்லா வடிவத்தைச் சேர்த்து வகுப்பது வேறு. பிறகு ஒட்டுப்போடுவது வேறு. தென்கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் தகடு எவ்வளவு ஏறும் என்பதை வெயிலின் அளவோடு இந்த விவரமும் தீர்மானிக்கும்.

பெரிய திட்டம் ஒன்றை மேலிருந்து இறக்கினால் வேகமாக முடியும் என்று நினைப்பவர்கள் ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கரையோரமாக நடந்து பார்க்க வேண்டும். முன்னாள் அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவு அது. டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. எங்கள் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அலைதடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கில் மணல் குவிந்து துறைமுக வாயை அடைத்தது; வடக்கில் மணல் வரத்து நின்றதால் கடல் கரையை அரித்தது. தென்னைகள் சரிந்தன, வாடிகளும் தோணி இழுக்கும் இடங்களும் போயின. கப்பல்கள் வரவில்லை. மணல் எந்தப் பக்கம் போகிறது என்பது கரைவலை இழுப்பவர் எவருக்கும் தெரிந்த விசயம்.

அதைவிடக் கொடிய பாடம் 2021 உரத்தடை. பசுமை நாடு ஆக்கப்போகிறோம் என்று இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்றான அம்பாறையில் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. நவம்பரில் தடையை நீக்கியபோது விதைப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது. மண்ணைக் காக்கும் நோக்கத்தில் பிழை இல்லை. விவசாயிக்கு மாற்று வழியைக் கையில் கொடுக்காமல் பழைய வழியை அடைத்ததில்தான் பிழை. சூழலுக்காக என்று சொல்லி வரும் எதையும் இந்த மாவட்டத்தின் விவசாயி சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அந்த ஆண்டே காரணம். அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மன்னாரிலும் இதையே பார்க்கிறோம். 2020 இறுதியில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலை நாட்டுக்கு மலிவான மின்சாரம் தருகிறது. ஆனால் அடுத்த காற்றாலைகள் வந்தபோது, வெள்ளம் வடியாமை, பறவைகள், மீன்பிடி பற்றிய கேள்விகளோடு மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2025 ஓகஸ்டில் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அமைக்கவிருந்த அதானி நிறுவனம் அதே ஆண்டு பெப்ரவரியில், விலை மறுபரிசீலனைக்கு வந்ததும், விலகிக்கொண்டது. இடத்து மக்களை முதலிலேயே உட்கார்த்திப் பேசாததால் போன காலத்தை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது.

இப்போது கல்லோயாவுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. அணைக்கட்டின் அடியில் 11 மெகாவாட் அளவில் ஒரு நீர்மின் நிலையமும் வந்தது. இன்றும் ஓடுகிறது. அதாவது இந்த மாவட்டத்துக்குத் தூய மின்சாரம் புதிதல்ல. பல பத்தாண்டுப் பழக்கம். ஆனால் ஒரே அணையிலிருந்து வந்த தண்ணீரும் மின்சாரமும் மக்களோடு வெவ்வேறு உறவு கொண்டன. மின்சாரம் கம்பியேறி எங்கோ போய், எங்கிருந்தோ பில்லாகத் திரும்பி வந்தது. தண்ணீருக்கோ அதைப் பங்கிட்டுவிடும் வட்டவிதானை இருந்தார், முறை இருந்தது, சண்டையும் சமாதானமும் இருந்தன.

அந்த முறையும் ஒரு கட்டத்தில் சிதைந்தது. 1980 வாக்கில் இடதுகரை வாய்க்கால்களில் மேல்நிலத்தார் அள்ளிக்கொள்ள, கடைநிலம் காய்ந்தது. மேலே சிங்களக் குடியேற்றங்கள், கீழே தமிழ் பேசும் ஊர்கள்; பகை எரிவதற்கு வேண்டிய எல்லாம் இருந்தன. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாகக் கிராமங்களில் குடியிருக்க அனுப்பின. சட்டதிட்டத்தோடு அவர்கள் போகவில்லை. ஒரு சிறு வாய்க்காலின் பத்துப் பதினைந்து விவசாயிகளோடு பேசி, வாய்க்காலைத் துப்பரவு செய்வதில் தொடங்கினார்கள். 1981இல் சேனாநாயக்க சமுத்திரம் கால்வாசியே நிரம்பியிருந்தது. அந்தப் பஞ்சப் போகத்திலேயே விவசாயிகள் முறைபோட்டுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்துக் கீழ்நிலத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். கோர்னெலின் நோர்மன் அப்ஹொஃப் இதைப் பற்றி எழுதிய நூல் 1992இல் வந்தது. அவரும் சி.எம். விஜயரத்னவும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. 1997 சிறுபோகத்தில் இருந்த தண்ணீர் நிலத்தின் சிறு பகுதிக்கே போதும் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கணித்தது. விவசாயிகள் ஏறத்தாழ முழுப் பரப்பையும் விதைத்து, பங்கிட்டு, வழமையான விளைச்சலை எடுத்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை மறந்துவிடக் கூடாது.

நடு மதியத்தில் மிஞ்சும் வெயில் மின்சாரத்துக்கும் இப்படி ஒரு முறை வேண்டும். இன்றைய கூரைத் திட்டத்தின் அடிப்படை வீட்டுக்கு ஒரு தகடு, மீற்றருக்கு ஒரு கணக்கு. மிஞ்சினால் எல்லோரும் நிறுத்துங்கள் என்று கொழும்பிலிருந்து ஒரு அறிவித்தல். மேல்மதகை மட்டும் திறந்து மூடி, கீழே யார் வயல் எப்போது நனையும் என்று பார்க்காத ஏற்பாடு இது. அதற்குப் பதில், ஒரு மின்மாற்றியின் கீழுள்ள வீடுகளும் கடைகளும் ஆலைகளும் ஒரு குழுவாகலாம். மதியத்து மிகுதியை அரிசி ஆலை, ஐஸ் ஆலை, தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஆகியன அந்த நேரத்தில் முறைவைத்து இழுக்கலாம்; அந்த நேரத்துக்கு மலிவு விலையும் வேண்டும். மிஞ்சியது பொது மின்கலத்துக்குப் போகட்டும்.

பொது மின்கலத்தை யார் வைத்திருப்பது? எங்கள் ஊர்களில் நம்பிக்கைக்குரிய, கணக்கு வைக்கத் தெரிந்த, பெரிய கூரையுள்ள நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: பள்ளிவாசல். 20 கிலோவாட் தகடு நாளுக்கு ஏறத்தாழ 80 அலகு தரும். மாதம் 60 அலகு பாவிக்கும் ஒரு சிறு குடும்பத்துக்கு இருட்டிய பிறகு தேவைப்படுவது நாளுக்கு ஒரு அலகு அளவு என்று எடுத்துக்கொண்டால், ஒரு பள்ளிவாசல் கூரை 80 வீடுகளின் மாலையை நடத்திவைக்கப் போதும். கிணறும் கடையும் வக்ஃபு என்ற அறக்கொடை ஆக்கப்பட்ட மரபில், தகடும் மின்கலமும் வக்ஃபு ஆகலாம்; வட்டியின் சிக்கலும் அங்கே எழாது. கோயிலுக்கும் பாடசாலைக்கும் விகாரைக்கும் இதே வழி திறந்திருக்கும். தடையாயிருப்பது சட்டம். 2024இன் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் இலங்கை மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கிறது. ஒரு கூரையில் விளைந்ததை எண்பது வீட்டுப் பில்லில் கழித்துக்கொள்ளும் ஊர்க் குழுவுக்கு அதன் கீழான ஒழுங்குவிதிகளில் தெளிவான இடம் கொடுக்க வேண்டும். கட்டணமும் கணக்கும் எப்படி அமையலாம் என்று சோதித்துப் பார்க்கத் தொலைவு போக வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் பொறியியல் பீடமும் இருக்கிறது.

அடைமழை மாதங்களுக்கு வெயிலை நம்ப முடியாது. அதற்கு எங்களிடம் உமி இருக்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. பீகாரின் தம்குகா கிராமத்தில் 2007இல் ஒரு நிறுவனம் உமியை வாயுவாக்கி மின்சாரம் எடுத்து, மாலை நேரத்தில் வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அதே நிறுவனம் சூரியத் தகட்டையும் சேர்த்துக்கொண்டது. திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் உமியும் விறகும் எரித்து மின்சாரம் எடுக்கிறது. இங்கு மக்கள் விரும்புவது புழுங்கல் அரிசி; அவிக்கவே உமியில் பெரும்பங்கு போய்விடும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நெல் அவிக்கும் நீரைப் பகல் வெயிலிலேயே ஓரளவு சூடாக்கினால் அந்த உமியில் ஒரு பகுதி மிஞ்சும். சிறுபோகத்து அறுவடை ஆவணி, புரட்டாதியில் முடிகிறது. அப்போது மிஞ்சும் உமியை மழைக்கு நனையாத கொட்டகையில் அடைத்துவைத்தால், கார்த்திகையில் தகடுகள் சோரும்போது அது கைகொடுக்கும். ஈர உமி வாயுவாக்கியில் சரியாக எரியாது. தார் கட்டி இயந்திரத்தைக் கெடுத்துவிடும். ஆகவே ஆலைக்காரர்களோடு முதலில் பேச வேண்டியது இயந்திரத்தின் விலையைப் பற்றியல்ல, கொட்டகையைப் பற்றி.